கிரேனின் கண்ணாடித் தரை

கீழ் வீட்டு ஷரீஃபுன்னிசா ஆன்ட்டி இத்தாவில் இருந்தார்கள். கணவர் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. நெருங்கிய உறவல்லாத ஆண்கள் கண்ணில் படக்கூடாது. ஜன்னலில் போர்வையை மாட்டியிருந்தார்கள். நான் பெண் என்பதால், அப்பாவின் கடையிலிருந்து சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நானும் வெளியே போவதில்லை. கல்மண்டபம் மார்க்கெட்டுக்குக்கூட அம்மாவின் முதுகுக்குப் பின்னால்தான் நடப்பேன். அந்த இருட்டு அறை எனக்குப் பழக்கமானதாக இருந்தது.

ஆனால் ஃபோனில் நான் ஊர் சுற்றுவேன். அதற்குள் ஓர் உலகம் இருக்கிறது. எங்கெங்கோ இருப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த இடங்களை அதில் கட்டி வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு பொம்மையாக உள்ளே போய் நடக்கலாம், பறக்கலாம். கடலுக்கடியில் ஒரு ரயில் நிலையம். டிக்கெட் கவுண்டரில் ஆமை உட்கார்ந்திருக்கும். வேறோரிடத்தில் மழை நிற்கவே நிற்காத ஒரு தெரு. யாராவது என் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தால் உடனே பறந்துவிடுவேன். ஒருவருக்கும் பதில் எழுதியதில்லை.

ஒரு மத்தியானம் ஆன்ட்டிக்குப் பனிமலையைக் காட்டினேன். அருகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சாபிரா அத்தை, இறந்துபோன மாமாவின் அக்கா, தலையைத் தூக்கினார்.

"இத்தால கீற பொம்பள பனிமலை ஏறிகினு கீறா. நல்லாக் கீதுடி கூத்து."

"நா எங்க ஏறுனேன்? இந்த ஜெஸ்லினோட பொம்மதான் ஏறுது. நா கால நீட்டிகினு ஒக்காந்துகினு கீறேன்," என்றார் ஆன்ட்டி. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு, இதுல ஹார்பர் கீதா?"

மாமா துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் பெரிய கிரேன். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஆன்ட்டி அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார்கள். கேட்டுக்கு உள்ளே யாரையும் விடமாட்டார்கள்.

"அவுரு ஒக்காந்த எடம் எப்டி இருக்கும்னு ஒரு தபா பாக்கணும். அவ்ளோதான்."

இரண்டு நாள் தேடினேன். கடைசியில் ஒரு துறைமுகம் கிடைத்தது. எந்த நாட்டுக்காரர் கட்டியதோ, கயிறு, துரு, கடற்காக்கை எல்லாம் இருந்தன. ஃபோனை ஆன்ட்டியின் மடியில் வைத்து, கிரேனின் இரும்புப் படிகளில் பொம்மையை ஏற்றினேன். உச்சியில் ஆபரேட்டர் உட்காரும் கூண்டு. கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேல் பெயர்: வில்சன். 'வணக்கம், இதைக் கட்டியவன் நான்தான்' என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது.

ஆன்ட்டி சட்டென்று துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார்கள்.

"ஐயோ, ஆம்பள. என்ன பாத்துட்டானா?"

"நீங்க தெரிய மாட்டீங்க ஆன்ட்டி. அவருக்கு என் பொம்மைதான் தெரியும். அவரும் பொம்மைதான்."

"பொம்மைன்னாலும் ஆம்பள பொம்மதானே," என்றார் சாபிரா அத்தை. வெங்காயத்தை விட்டுவிட்டு எங்கள் பக்கம் நகர்ந்திருந்தார். "ஏய், அவன எறங்கிப் போவச் சொல்லு. சாவியக் குட்த்துட்டுப் போவச் சொல்லு."

என் விரல் பறக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது. வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் கண் வாசலுக்குப் போகுமே, அதேபோல. பறந்திருந்தால் ஆன்ட்டி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் துப்பட்டாவின் ஓரத்தில் ஒரு கண் மட்டும் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுதினேன். என் ஆங்கிலம் அரைகுறை. 'என் பக்கத்தில் ஓர் அம்மா இருக்கிறார்கள். அவர் கணவர் இந்த வேலை செய்தவர். இறந்துவிட்டார். உள்ளே பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் துக்கத்தில் இருக்கும் பெண் முன் வேறு ஆண் நிற்கக்கூடாது. தயவுசெய்து கீழே போவீர்களா?'

படித்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். பிறகு கதவு திறந்தது. வில்சன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினார். பறந்தே போயிருக்கலாம், ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"மரியாத தெரிஞ்ச பொம்ம," என்றார் சாபிரா அத்தை.

உள்ளே ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடி. பொம்மையை உட்கார வைத்ததும் அதன் தலை தானாகக் குனிந்தது. காலடியில் தரை கண்ணாடி. அதன் வழியே, வெகு ஆழத்தில், கப்பலும் தீப்பெட்டி போலக் கன்டெய்னர்களும் தெரிந்தன.

"இன்னாத்துக்குக் குனிஞ்சுகினு கீது?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"கீழ பார்த்தாத்தான் சாமான் தூக்க முடியும் ஆன்ட்டி."

"பூரா நேரமுமா?"

"ஆமா."

துப்பட்டா நழுவியதை ஆன்ட்டி கவனிக்கவில்லை.

"வூட்டுக்கு வந்தா தலகாணிகூட இல்லாம தரையில மல்லாந்துகினு ஃபேனையே பாத்துகினு இருப்பாரு. நா எதுனா பேசுனா திரும்ப மாட்டாரு. எம் மூஞ்ச பாக்கப் புடிக்கலன்னு நெனச்சேன். 'அந்த ஃபேனையே நிக்காஹ் பண்ணிக்கினு இருக்கலாம்'னு எத்தினி தபா சொல்லிக் கீறேன். ஒரு வார்த்த பதில் சொல்ல மாட்டாரு."

சாபிரா அத்தை வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்து இன்னும் எரிச்சலாக்கிக்கொண்டு, ஆன்ட்டியின் தோளில் சாய்ந்து, தம்பி உட்கார்ந்த மாதிரியான அந்த நாற்காலியைப் பார்த்தார்.

கீழே ஒரு மஞ்சள் புள்ளி முதுகைக் காட்டியபடி காத்துக்கொண்டிருந்தது. 'நன்றி. நாளைக்கும் வரலாமா?' என்று எழுதினேன். நானாக எழுதிய கேள்வி.

"ஜெஸ்ஸு," என்றார் ஆன்ட்டி, "அந்தப் பொம்மைய கொஞ்சம் நிமிந்து பாக்கச் சொல்லு. கழுத்து வலிக்கும்."

திரையை மெல்ல மேலே தள்ளினேன். கூண்டின் கூரையைத் தாண்டி வானம் வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.