திருப்பிக் கேட்ட சீம்பால்

தேயிலை ஃபேக்டரி நைட் ஷிப்ட்டை விட்டுவிட்டு நான் பசு வாங்கியபோது சேரம்பாடி எஸ்டேட் லைன் வீடுகளே சிரித்தன. இன்று காலை அது கிடேரிக் கன்று போட்டது. இரண்டாவது பசுவும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தோட்டத்துப் பகல் வேலைக்குப் போனேன்.

மத்தியானம் வந்து பார்த்தால் கன்று வயிறு ஒட்டிக் கிடந்தது. தூக்கித் தாயின் மடியில் விட்டேன். ஆசையாக முட்டியது. ஆனால் காம்பு வாயில் நிற்கவில்லை, நழுவி நழுவி வந்தது. கிடைத்த துளிப் பாலும் கடைவாயில் வழிந்தது. வாயைப் பிரித்தேன். கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஒரு விரற்கடை குட்டை.

"காலைல குடிச்சுதா?" என்று மனைவி அன்னக்கிளியிடம் கேட்டேன்.

"வாயெல்லாம் நுரையா இருந்துச்சு. குடிச்சிருச்சுன்னுதான் மிச்சத்தக் கறந்தேன்."

"கறந்த சீம்பால் எங்க?"

"லைனுக்குக் குடுத்தாச்சு."

"எல்லாத்தையுமா?"

"அவுங்க மாடு கன்னு போட்டப்ப நமக்குக் குடுத்தாங்கல்ல? சொம்போட வந்து நிக்கிறவுங்கள என்ன சொல்லி அனுப்புறது?"

கால்நடை டாக்டர் ஜெஸிந்தாவுக்குப் போன் போட்டேன். மேல் அண்ணத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். பிளவு இல்லை. கன்று விரலை விடாமல் சப்பியது.

"அப்ப பொழைக்க வைக்கலாம். பாட்டில்ல குடுங்க. தலைய ரொம்பத் தூக்காதீங்க, நுரையீரலுக்குப் போயிரும். முதல்ல சீம்பால்தான் குடுக்கணும், காய்ச்சாதது. சாயங்காலம் வரைக்கும் குடுக்காம வச்சிருந்தா அதோட சத்து உடம்புல ஒட்டாது. நான் வந்து பாக்குறேன்."

மடியை மறுபடி பிழிந்தேன். சொம்பின் அடிகூட நனையவில்லை.

வீடு வீடாகப் போனேன். வேலாமணி வீட்டில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"வெந்துருச்சே. ஒரு துண்டு சாப்பிட்டுப் போ" என்று சூடாக ஒன்றைக் கையில் வைத்தார். என் கன்றின் பாலை எனக்கே உபசரித்தார். அடுத்த வீட்டில் தட்டையே கழுவிவிட்டார்கள். எல்சா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள், கதவில் பூட்டு; அவள் பங்குச் சீம்பால் உள்ளே.

கருப்பம்மா வீட்டில் மட்டும் பச்சையாக ஒரு சொம்பு இருந்தது. வெல்லம் வாங்கப் போன புருஷன் இன்னும் வந்து சேரவில்லை.

"குடுத்ததத் திருப்பிக் கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

"கன்னுக்குட்டி இன்னும் குடிக்கலக்கா."

"மக வராளேன்னு வச்சிருந்தேன். ஷிப்ட்ட விட்ட மாதிரி மாட்டையும் பாதில விட்றாத" என்று சொல்லிக்கொண்டே சொம்பை நீட்டினாள்.

அன்னக்கிளி பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பால் பாட்டிலை வாங்கி, ரப்பரின் ஓட்டையைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். பாலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினோம். முதல் பாட்டிலில் பாதி என் சட்டையில் போனது. ரப்பரை நாக்கின் மேல் வைத்து, வாயை இரண்டு பக்கமும் விரலால் மூடிப் பிடித்தேன். கன்று விழுங்கியது. தொண்டை அசைவது தெரிந்தது.

கருப்பம்மா வாசலில் வந்து நின்றாள்.

"தாடை சரியாயிருமா?"

"தெரியலக்கா. புல்ல நறுக்கித்தான் போடணும்னு டாக்டரம்மா போன்லயே சொன்னாங்க. சினைக்கு விட வேண்டாம்னும் சொல்லிட்டாங்க. இது போடுற கன்னுக்கும் இப்படி வரலாமாம்."

"சினை இல்லாம பால் ஏது? அப்புறம் இத வச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற?"

அதைத்தான் நானும் சட்டை நனைய நனைய யோசித்துக்கொண்டிருந்தேன். பாட்டில் காலியானது. கன்று என் விரலைத் தேடி மறுபடி சப்பியது.

"எல்சா வேலை விட்டு வந்துட்டாளாக்கா?" என்றேன்.