முப்பதடித் தூரம்

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அந்தத் தை மாதத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நாகேந்திரத்தாரிடம் அகப்பட்ட எவரும் அந்தக் கணக்கைக் கேட்காமல் தப்பவில்லை.

"ரத்மலானையில பிளேன் ஏறினா இருநூறு மைல். ஒண்டேகால் மணித்தியாலத்தில காங்கேசன்துறை. ரெயிலெல்லாம் மாட்டுவண்டி, தம்பி!"

மகளுக்குச் சம்பந்தம் பேச, மனைவி அன்னபாக்கியத்தை முதல் நாளே அந்த மாட்டுவண்டியில் அனுப்பிவிட்டு, துரைமாதிரி இவர் மட்டும் விமானத்தில் பறந்தார். விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. இவர்தான் கண்டவர்களையெல்லாம் மறித்து மைல்கணக்குச் சொல்லிக்கொண்டு நின்றார். கார் பிடித்து மல்லாகத்தில் மாப்பிள்ளை வீட்டுப் படலைக் கதவை அடைந்தபோது மணி பத்தரை. வெள்ளிக்கிழமை, ராகுகாலம் தொடங்கிவிட்டது. நல்ல காரியத்துக்கு வந்தவர் ராகுகாலத்தில் படி மிதிப்பாரா? கோட்டும் தொப்பியுமாகப் பன்னிரண்டு மணிவரை வெயிலில் நின்றார். இருநூறு மைலுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். படலையிலிருந்து வாசலுக்கு முப்பதடி, அதற்கு ஒன்றரை மணித்தியாலம்.

காலையிலேயே நல்ல நேரத்தில் உள்ளே போய், எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்ட அன்னபாக்கியம், தேநீர்க் கோப்பையும் கையுமாக விறாந்தைக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட பிளேன் இன்னும் இறங்கேல்லையோ?"