மணிக்கட்டுத் தழும்பு

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைத்தாளே பதூல், அங்கேதான் கோட்டை விட்டாள். பதினைந்து வருடமாகப் படம் பிடிக்கிறவள், ஹனியாவின் மணிக்கட்டைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

அஸம்மூர் ஊரில் ஆயிஷா கந்தீஷா என்ற பெண் ஜின்னுக்குப் பயப்படாத ஆண்பிள்ளை கிடையாது. ஆற்றோரம் அழகாக வருவாள், தெரிந்த பெண்ணின் உருவத்தில்கூட வருவாள். அங்கியைத் தூக்கினால் ஆட்டுக் குளம்பு. கத்தியை மண்ணில் குத்தினால்தான் அடங்குவாள். ஆண்கள் நடுங்குகிற ஒரே பெண் அவள்தானே, ஊர்ப் பெண்களையே அவளாக நிறுத்திக் கண்காட்சி வைத்தால் என்ன என்று பதூலுக்குத் தோன்றியது. கூந்தலால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்றதும் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டார்கள்.

அதில் ஒருத்தி கசாப்புக்காரன் மீலூதின் மனைவி ஹனியா. வாசற்படி தாண்டக்கூடாது என்பது அவளுக்குக் கட்டளை. புருஷன் ஆட்டுச் சந்தைக்குப் போன நாளில், பெருநாள் ஆட்டின் குளம்புகளைத் துணியில் சுற்றிக்கொண்டு பதூலிடம் வந்துவிட்டாள். அன்றைக்கு ஒரே சிரிப்பு. போகும்போது மட்டும் பதூலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சி தெரியாதுல்ல அக்கா? தெரிஞ்சா என்னையும் உரிச்சுக் கொக்கியில மாட்டிடுவாரு."

வேடிக்கையில்லை என்பது இருவருக்கும் தெரியும். கொதிக்கிற தேநீர்க் கெண்டியை அவள் மணிக்கட்டில் வைத்து அழுத்திய மகராசன் அவன்.

கண்காட்சி திறந்த அன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஊரே திரண்டது. மீலூதும் வந்தான், கடையிலிருந்து நேராக, இடுப்பில் கத்தியோடு. இந்தக் காலில் நல்ல சூப்பு வைக்கலாம் என்று கிண்டலடித்தபடி ஒவ்வொரு படமாக நகர்ந்தான். கடைசிப் படத்தில் நின்றுவிட்டான். ஆள் உயரப் படம். மணிக்கட்டில் பிறை போல அந்தத் தழும்பு.

படத்தில் அது விழுந்திருப்பதைப் பதூலும் அப்போதுதான் கவனித்தாள். மீலூத் இடுப்புக் கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினான்.

பதூல் ஹனியாவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. பாவி, என் புகழுக்கு அவள் உயிரைக் கொடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

மீலூத் உள்ளே போயிருக்கவில்லை. தன் வீட்டு வாசலில், மூடிய கதவுக்கு முன்னால், கத்தியை மண்ணில் பிடி வரை இறக்கிவிட்டுக் குந்தியிருந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என் பொண்டாட்டி என் பேச்ச மீறமாட்டா, வாசல் தாண்டமாட்டா. அப்போ படத்துல அந்தத் தழும்போட நிக்கிறது எவம்மா? ஆறு வருஷமா எனக்குச் சோறு போட்டது எவ?"

பெண்டாட்டி சொல் மீறினாள் என்பதைவிட, ஜின் வந்து குடித்தனம் நடத்தினாள் என்பதை நம்புவது அவனுக்கு எளிதாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கத்தி மண்ணைவிட்டு வெளியே வரும் என்று பதூலுக்குத் தெரியும்.

கதவு திறந்தது. எல்லாவற்றையும் கேட்டபடி உள்ளே நின்றிருக்கிறாள் ஹனியா.

"அங்கியத் தூக்கு. காலக் காட்டு," என்றான் அவன்.

ஹனியா குனிந்தாள். காட்டிவிடாதே பெண்ணே என்று பதூல் மனசுக்குள் கெஞ்சினாள். ஹனியா அங்கியின் விளிம்பைப் பிடித்து, தரையில் புரளும்வரை கீழே இழுத்துவிட்டாள்.

"கத்திய எடுத்துட்டு உள்ள வாங்க. காட்டறேன்."

மீலூத் கத்தியைத் தொடவில்லை. உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தான், எழுந்தான், ஒரு செருப்பை விட்டுவிட்டுச் சந்து முனைவரை ஓடி மறைந்தான்.

அதற்குப் பிறகுதான் ஹனியா பதூலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடிஞ்சா அவருக்குப் புத்தி வந்துடும் அக்கா. ரெண்டு துணி எடுத்துட்டு வந்துடறேன், உங்ககூடக் கூட்டிட்டுப் போயிடுங்க. அதுவரைக்கும் அந்தக் கத்திய யாரையும் எடுக்க விடாதீங்க."

அவள் வரும்வரை பதூல் கத்தியின் பக்கத்திலேயே நின்றாள்.