ஒற்றைக் கண்ணால் அளந்த தூரம்

பாண்டியன் பதினோரு வருஷம் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவன். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால், சரியான இடத்தில் கட்டையைச் செருகினால்தான் தேர் திரும்பும், நிற்கும். கொஞ்சம் பிசகினால் விரல் போகும், ஆளே போகலாம்.

போன ஆடியில் கிரில் பட்டறையில் அறுக்கும் கல் உடைந்து தெறித்து, அவனுடைய வலது கண் போனது. வீட்டுக்கு வந்த அன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். அத்தனையும் தரையில் கொட்டியது.

"ரெண்டு கண்ணும் ரெண்டு படம் புடிக்கும். அதைச் சேர்த்துதான் மூளை தூரத்தைக் கண்டுபுடிக்கும்," என்றார் டாக்டர். "இனிமே தலையை அசைச்சுப் பாருங்க. கிட்ட இருக்கறது வேகமா நகரும், எட்ட இருக்கறது மெதுவா நகரும்."

ஓரிக்கை கிராமத்தில் மச்சான் வீட்டுக் களத்துச் சரிவில் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை அவன் மனைவி சந்தியா தினமும் உருட்டிவிட்டாள். அவன் ஓணான்போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கட்டை போட்டான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். முதல் மாதம் ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. எட்டாவது மாதம் ஒன்றுகூடத் தவறவில்லை.

திருவிழா நெருங்கியதும், கட்டை போடும் ஆட்களின் தலைவர் பரசுராமனிடம் போய் நின்றான்.

"தேர் இன்னா விளையாட்டாபா? வடம் புடி, போதும்."

"வடம் புடிக்க ஊரே இருக்குதுண்ணே. எனக்குக் கட்டை குடு. சோதிச்சுப் பாரு."

பரசுராமன் ஒரு டிராக்டரைத் தானே ஓட்டி வந்தார், மாறி மாறி மெதுவாகவும் வேகமாகவும். பத்து தடவையும் கட்டை சக்கரத்தின் அடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. இறங்கிக் கட்டையைக் குனிந்து பார்த்தார்.

"பின்சக்கரம் உனக்கு," என்றார். முன்சக்கரம் தரவில்லை. பாண்டியனும் கேட்கவில்லை.

தேர் நாளன்று தெருமுனையில் திரும்பும்போது தேர் ஒரு பக்கமாக இழுத்தது. முன்கட்டை நழுவியது. கூட்டம் அலறியது. பாண்டியன் தலையை இருமுறை அசைத்தான், குனிந்தான், பின்சக்கரத்தின் அடியில் செருகினான். கட்டை முனகியது, தேர் நின்றது.

பரசுராமன் ஓடி வந்து அவன் தோளை இறுகப் பிடித்தார். "அடுத்த திருப்பத்துல முன்சக்கரத்துக்கு நீ வாடா," என்றார்.

கூட்டத்தில் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்த சந்தியா, பக்கத்தில் நின்ற முகம் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியாக்கா? கட்டை போட்டுக்கினு இருக்குதே, அது எங்க வூட்டுக்காரரு!"