போன வாரப் பாடம்

என் கணவர் கல்லூரி மாணவர்களுக்கு மரபியல் நடத்துகிறார். வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு. சமையலறை வரைக்கும் அந்தக் கணீர்க் குரல் வரும். "ஒடுங்கு ஜீன் வெளியில தெரியறவங்க கொஞ்சம் பேர்தான். அதைச் சுமந்துக்கிட்டு எந்தக் குறையும் இல்லாம நடமாடுறவங்கதான் ஜாஸ்தி," என்பார்.

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்படியொரு ஜீன்தான் காரணம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அதைத் தன் அம்மாவிடம் சொல்வதற்கு மட்டும் இவர் வாய்க்குப் பூட்டு.

இன்றும் மாமியார் ஆரம்பித்தார். "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது. எல்லாம் இவ கொண்டு வந்தது."

என் கணவர் தலையைக் குனிந்தபடி வகுப்பெடுக்கப் போய்விட்டார். மாமியார் மடியிலிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கேமரா முன்னால் உட்கார்ந்தேன்.

"என்ன பண்ற நீ? கிளாஸ் நடக்குது!"

"எனக்கும் ஒரு சந்தேகம்," என்று மாணவர்களைப் பார்த்துக் கேட்டேன். "அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் காது நல்லா கேக்குது. குழந்தைக்குக் கேக்கல. ஒடுங்கு ஜீனாம். யார் குடுத்தது?"

மைக்கை அணைக்க வந்த அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"ரெண்டு பேரும்தான் மேடம்," என்றாள் ஒரு மாணவி. "ஒருத்தர் மட்டும் குடுத்தா வராது. சார் போன வாரமே நடத்திட்டாரே."

ஸ்பீக்கரை முழுசாகத் திருகினேன்.

"இன்னொரு தடவை சத்தமா சொல்லும்மா. சாரோட அம்மாவுக்குக் கேக்கல."