வைட்டமின் பாட்டில்

கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய், சமையலறை அலமாரியில் 'வைட்டமின்' என்று சீட்டு ஒட்டிய பழுப்புப் பாட்டிலுக்குள் இருந்தது. மகளின் கழுத்தில் வந்த கட்டி காசநோய் என்று தெரிந்த அன்றே, மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதில் போட்டு வைத்தார். அவர் குடும்பத்தில் அந்த வியாதியா? நாலு பேர் வாயில் விழ அவர் தயாராக இல்லை. ஒரு வாரமாக வந்து தங்கியிருந்த அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை.

ஏழாவது வாரம், சுருங்கியிருந்த கட்டி மறுபடி எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கட்டி வெளியே தெரியாதபடி மகள் கழுத்தைச் சுற்றிச் சால்வை போர்த்திக்கொண்டாள். இன்று காலை மாத்திரையை அவர் கொடுக்கவே இல்லை.

மருந்து கொடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்த நர்ஸை வாசலிலேயே மறித்தார்.

"உங்க மருந்து என் பொண்ணைக் கொல்லுது. இனிமே நிஜ வைட்டமின் மட்டும்தான். வாங்கியாச்சு."

"கிருமி சாகச் சாக உடம்புக்குத் தெம்பு வந்துடும் ஐயா. செத்த கிருமியோட மிச்சத்தை எதிர்த்துச் சண்டை போடும். அதனாலயும் இப்படி வீங்கும். வேற காரணம் இருக்கான்னு இன்னைக்கே டாக்டர் பாக்கணும். வீங்கிடுச்சேன்னு மாத்திரையை நிறுத்தினா நோய் முத்திடும். வைட்டமின் கிருமியைக் கொல்லாது."

"எனக்கே பாடமா? நாப்பது வருஷமா ரிப்பேர் பாக்குறேன். கை வெச்சதுக்கப்புறம் ஜாஸ்தியாக் கெட்டுப்போனா, கை வெச்சவன் மேலதான் தப்பு."

"இது கடிகாரம் இல்லையே ஐயா."

அவர் வாய் திறக்கும் முன் குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. அக்கா.

"டேய்! எனக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுதுடா! என்ன எழவு வைட்டமின்டா அது?"

"நீ எதுக்கு அதைத் தொட்டே?"

"பொண்ணுக்கு மட்டும் தெம்பு ஏத்துவே, கூடப் பொறந்தவளை ஏன்னு கேப்பியா? நேத்து ரெண்டு போட்டேன், இன்னைக்கு ரெண்டு போட்டேன்."

நர்ஸ் அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மகள் சால்வையை அவிழ்த்து நாற்காலியில் எறிந்தாள். "அப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் முதுகை நிமிர்த்தினார். "காசநோய் மாத்திரை. என் பொண்ணுக்கு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கழுத்துக் கட்டி யாருக்கும் பரவாது, ஆனால் தெரியாமல் போட்ட மாத்திரைக்காக அவளும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. பையில் துணியைத் திணிக்க ஆரம்பித்திருந்தாள்.

"நம்ம வம்சத்துலயே இல்லாத சீக்கு! எல்லார்கிட்டயும் சொல்றேன் பாரு!"

"தாராளமா சொல்லு. திருடித் தின்னதையும் சேர்த்துச் சொல்லு."

பாட்டிலின் சீட்டை நகத்தால் சுரண்டினார்; பாதிதான் வந்தது. அன்றைய மாத்திரைகளை எண்ணி மகள் கையில் வைத்தார்.

"போட்டுட்டுக் கிளம்பு. டாக்டர்கிட்டப் போறோம்."

மகள் சால்வையை எடுக்கக் குனிந்தாள்.

"அது எதுக்கு இனிமே?" என்று எரிந்து விழுந்தார்.