பேசாத ஏழாமவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக வந்திருக்கவே கூடாது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமாக வந்திருக்க வேண்டும். ஆனால் அத்தியாயம் என்றால் ஆதாரம் காட்ட வேண்டும், கோப்பு எண் போட வேண்டும், கடைசியில் பேராசிரியை ஒப்புதல் தர வேண்டும். அந்த மூன்றாவதில்தான் சிக்கல். கதையென்றால் கோப்பு எண்ணை யாரும் கேட்பதில்லை. அதனாலேயே கதை எழுதுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம். இப்போது என்மேலும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

1931 பிப்ரவரி. பல்கேரியாவின் தெற்கே ஒரு புகையிலை ஊர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஏழு பெண்கள்...

(வேண்டாம். அன்று பனி கொட்டியது என்று எனக்கு யார் சொன்னார்கள்?)

இரண்டாம் முயற்சி:

வசில்கா கராபஷேவா எழுந்து நின்றாள். அவள் கண்களில்...

(கண்களாம்! அவளுக்கு இருப்பது ஒரே ஒரு புகைப்படம். அதில் மூக்கே சரியாகத் தெரியவில்லை.)

சரி, ஊருக்கே தெரிந்ததைச் சொல்கிறேன். வசில்கா எங்கள் ஊர்க் கிடங்கில் புகையிலை தரம் பிரித்தவள். அதே வேலைக்கு ஆணுக்குக் கிடைத்த கூலியில் பாதிதான் பெண்ணுக்கு. தன் அறைக்கு ஆறு பெண்களை வரவழைத்துப் பேசினாள். மூன்றே வாரத்தில் கிடங்கு முழுக்க வேலைநிறுத்தம். ஆறு பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வசில்கா மட்டும் 'சாமர்த்தியமாகத் தப்பினாள்' என்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. சின்ன வயதில் அந்தச் சாமர்த்தியத்தை ரசித்துப் படித்திருக்கிறேன்.

'ஒரே இலை, ஒரே தூசி, ஒரே கூலி' என்பது அவள் அன்று சொன்ன வாசகம். வருகிற மார்ச் எட்டாம் தேதி, அந்த வாசகத்தோடு அவள் பெயரில் பள்ளிக்கூடச் சுவரில் கல்வெட்டு திறக்கிறார்கள். அதற்காக எங்கள் பேராசிரியை ஸ்தானிமிரா வெல்கோவா நகரசபையோடு பதினோரு வருடம் மல்லுக்கட்டினார். அவர் எழுதிய வசில்கா புத்தகத்தைப் படித்துத்தான் நானும் என் தோழி திமானாவும் பெண்கள் வரலாறு படிக்கவே வந்தோம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதைச் சந்தேகப்படாதீர்கள்.

3

ஆவணக் காப்பகத்தில் அந்த வேலைநிறுத்தம் பற்றிய பழைய போலீஸ் கோப்பை எங்கள் இருவரில் முதலில் பிரித்தவள் திமானா.

"ஏய் ராலித்ஸா, இங்க பாரேன். அந்த ரூம்ல என்ன பேசுனாங்கன்னு வரிக்கு வரி எவனோ எழுதிக் குடுத்திருக்கான். எவனோ, எவளோ. பேரு 'ஊசி'ன்னு போட்டிருக்கு."

(போலீஸ் தன் உளவாளிகளுக்கு இப்படித்தான் பெயர் வைக்கும்.)

அவள் விரல் வரிவரியாக ஓடியது. ஓரிடத்தில் நின்றது.

"அடிப்பாவி. 'ஒரே இலை' வசில்கா சொன்னதே இல்லடி. க்யூர்கான்னு ஒருத்தி சொல்லியிருக்கா."

இன்னும் இரண்டு பக்கம் படித்தாள். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"எண்ணிப் பாத்துட்டேன். ஏழு பேர் இருந்த ரூம். ஆறு பேர் பேசுறாங்க, பேரோட. கூட்டத்தக் கூட்டுனவ வாயே தெறக்கல. அவ பேரே இல்ல. அப்ப இத எழுதுனது யாரு?"

எங்கள் காப்பகங்களில் ஒவ்வொரு கோப்பின் முன்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கோப்பைப் பார்த்தவர் பெயர், தேதி, நோக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்காகத் திருப்பினோம். எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு பெயர் இருந்தது. அக்டோபர் 1988. ஸ்த. வெல்கோவா. நோக்கம்: பெண் தொழிலாளர் வரலாறு.

(முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றை மறைக்கப் போகிறவர், அதைப் பார்த்தேன் என்று அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? தாளைக் காலியாக விட அவர் கை ஒத்துக்கொண்டிருக்காது.)

4

மறுநாள் மத்தியானம் அவர் வீட்டுச் சமையலறை. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனித்சாவை வெட்டி எங்கள் தட்டில் வைத்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"கோப்பப் பாத்துட்டீங்க."

"க்யூர்கா சொன்னத ஏன் மேடம் வசில்கா வாயில வச்சீங்க?" என்றாள் திமானா.

"க்யூர்கா செறையிலயே செத்துட்டா. படம் கெடையாது, கேக்க நாதி கெடையாது. ஊரு கும்புட ஒரு மொகம் வேணும்டி. எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு படம்."

"அதுக்காகக் காட்டிக்குடுத்தவளுக்குக் கல்வெட்டா?"

"அவதான்னு நீ பாத்தியா? வேற எவளாவது எழுதியிருக்கலாம். வசில்கா மேல இருந்த பாசத்துல அவ பேர மட்டும் விட்டிருக்கலாம். நான் அப்படித்தான் முடிவு பண்ணேன். அப்படி முடிவு பண்ணப்பறந்தான் தூக்கம் வந்துச்சு."

மேசை விரிப்பின் சுருக்கத்தைத் தடவிச் சரிசெய்தார்.

"எட்டாந்தேதி வரைக்குமாவது வாய மூடிக்கிட்டு இருங்க. கல்வெட்டு வேணாம்னு குதிச்ச அந்த நகரசபை ஆம்பளைங்க கையில இது சிக்குனா வசில்காவோட விடமாட்டாங்க. பொம்பளைங்க வரலாறே பொய்யின்னு சொல்லுவானுங்க. சத்தியம் பண்ணுங்கடி."

"சத்தியம் மேடம்," என்றாள் திமானா. அழுதுகொண்டே சொன்னாள்.

நான் தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவினேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் திமானா என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உன் மூஞ்சி சரியில்ல. எதையாவது எழுதிக்கிட்டிருக்கியா?"

5

முடிவுகள்.

ஒன்று: கல்வெட்டில் கடைசி நேரத்தில் க்யூர்காவின் பெயர். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (நடக்காது. கல் ஏற்கெனவே செதுக்கியாகிவிட்டது.)

இரண்டு: நான் மூன்றாம் அத்தியாயத்தைத் தூக்கிவிட்டுப் பட்டம் வாங்குகிறேன். முப்பது வருடம் கழித்து வேறு இரண்டு பெண்கள் அந்தத் தாளைத் திருப்பி என் பெயரையும் பார்த்து...

(எழுத முடியவில்லை. இதுதான் நடக்கும் என்று தோன்றுவதால்.)

மூன்று: உண்மையை வெளியிடுகிறேன். ஸ்தானிமிரா மேடம் செய்தித்தாளைப் பிரித்து

6

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோப்பைப் படித்ததுபோலவே, யார் பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு படித்தேன்.

திமானா பேசுகிறாள். பேராசிரியை பேசுகிறார். வரிக்கு வரி, பெயரோடு. அந்தச் சமையலறையில் மூன்று பேர் இருந்தோம். மூன்றாமவள் வாயே திறக்கவில்லை.

உண்மையில் நான் நிறையப் பேசினேன். திமானாவுக்கு முன்னால் முதலில் சத்தியம் செய்ததே நான்தான், மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. எழுதும்போது என் வரிகள் மட்டும் வரவில்லை. வேண்டுமென்று விட்டேனா, தானாக விடுபட்டதா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் எட்டுக்கு இன்னும் நான்கு நாள். இந்தப் பக்கங்கள் என் மேசையிலேயே இருந்தால் மேடத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. க்யூர்காவுக்கு ஒரு நியாயமும் இல்லை.

ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் நான் கொடுத்துவிட்டேன்.

க்யூர்காவுக்காகக் கொடுத்தேன் என்று முடிவு செய்தால் உங்களுக்கும் தூக்கம் வரும். வேறு மாதிரியும் முடிவு செய்யலாம். நான் உங்கள் எதிரே இல்லை; என்னிடம் கேட்க முடியாது.